நாம் இல்லாத அறையில் நம் பெயரைச் சொல்பவர்

சென்ற ஆண்டு என் அண்ணன் மகள் வழக்கறிஞராக ஏற்கப்பட்ட நாளில், பினாங்கின் ஜார்ஜ்டவுன் லைட் ஸ்திரீட்டில் உள்ள உயர் நீதிமன்றத்தில் குடும்பத்தோடு அமர்ந்திருந்தேன். மலேசியாவில் சட்டம் படித்தவர் வழக்கறிஞராக வேண்டுமானால், குறைந்தது ஏழாண்டு தொழில் செய்த ஒரு மூத்த வழக்கறிஞரிடம் ஒன்பது மாதம் ‘சேம்பரிங்’ எனப்படும் பயிற்சியில் இருந்தாக வேண்டும். அவள் பட்டர்வொர்த்தில் ஓர் அம்மையாரிடம் அந்த ஒன்பது மாதத்தையும் கழித்தாள். மனுவை எப்படி எழுதுவது, கட்சிக்காரர் பேசும்போது எதைக் குறித்துக்கொள்வது, எந்த நீதிபதியின் முன் எதைச் சுருக்கிச் சொல்வது என்று எல்லாவற்றையும் அவரிடம்தான் கற்றாள். ஆனால் அன்று நீதிபதியின் முன் எழுந்து நின்று, இவள் இன்னாருடைய மகள், இன்ன இடத்தில் படித்தவள், இவளை வழக்கறிஞராக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று வேண்டியவர் வேறொரு மூத்த வழக்கறிஞர். தன் வாழ்வில் அவ்வளவு பெரிய முடிவு எடுக்கப்பட்ட அந்த நேரத்தில் அவள் வாய் திறக்கவில்லை. அவளுக்காகப் பேச ஒருவர் எழுந்து நின்றார், அவ்வளவுதான்.

பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பொறியாளராக வேலை செய்யும் எனக்கு, அந்தக் காட்சி பழைய வருத்தம் ஒன்றைக் கிளறிவிட்டது. கற்றுக்கொடுப்பவர் ஒருவர், நமக்காக எழுந்து நிற்பவர் இன்னொருவர் என்ற வேறுபாட்டை நீதிமன்றம் சடங்காகவே வைத்திருக்கிறது. தொழிற்சாலையில் அதை எனக்கு யாரும் சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்து எட்டு ஆண்டுகள் வரை, நல்ல வழிகாட்டி ஒருவர் கிடைத்துவிட்டால் மேலே போவதற்கு அதுவே போதும் என்றே நம்பியிருந்தேன்.

சொல்லை முதலில் தெளிவாக்கிக்கொள்கிறேன். வழிகாட்டி என்பதில் குழப்பம் இல்லை. ‘ஸ்பான்சர்’ என்று சொன்னால் நம்மவர்களுக்குக் கால்பந்துக் குழுவின் சட்டையும் தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலின் பதாகையுமே நினைவுக்கு வருகின்றன. உபயதாரர் என்ற சொல்லும் இங்கே பொருந்தாது, ஏனெனில் உபயதாரர் பொருளைக் கொடுத்ததோடு அவர் பங்கு முடிந்துவிடுகிறது. நான் சொல்ல வருவது கடன் பத்திரத்தில் நமக்காகக் கையெழுத்திடுகிறவரைப் போன்ற ஒருவரை. நாம் தவறினால் கேள்வி அவரிடம் போகும் என்று தெரிந்தே அவர் கையெழுத்திடுகிறார். ஆகவே இந்தப் பதிவில் அவரைப் பிணை நிற்பவர் என்றே அழைக்கிறேன்.

எனக்கு வாய்த்த வழிகாட்டியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. 1972இல் பாயான் லெப்பாஸில் நாட்டின் முதல் தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கியது. அதே ஆண்டில் இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை இங்கேதான் அமைத்தது. அடுத்தடுத்து வந்த ஆலைகளுக்கு ஆயிரக்கணக்கான இளம் பெண்கள் வேலைக்குப் போனார்கள். செபராங் பிறையின் ரப்பர்த் தோட்டம் ஒன்றிலிருந்து பதினேழு வயதில் அப்படிப் புறப்பட்டவர்தான், நான் அக்கா என்று அழைக்கும் என் வழிகாட்டி. பினாங்குப் பாலம் 1985இல்தான் திறக்கப்பட்டது என்பதால், அதற்கு முன் விடியற்காலையில் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் கடலைக் கடந்து வேலைக்குப் போனவர். மயிரிழையைவிட மெல்லிய தங்கக் கம்பியை நுண்ணோக்கி வழியாகப் பார்த்து ஒட்டும் வேலையில் தொடங்கி, மாலை வகுப்புகளில் படித்து, நான் சேர்ந்த காலத்தில் தர உறுதிப் பிரிவில் மேற்பார்வையாளராக இருந்தார். பட்டம் பெற்று வந்த என்னைவிட அவருக்கு இயந்திரங்களின் மனம் நன்றாகத் தெரியும்.

என் அறிக்கைகளை மேலே அனுப்புவதற்கு முன் அவர் வாங்கிப் படிப்பார். ஆங்கிலத்தில் நான் எழுதிய வாக்கியங்களின் பக்கத்தில் சிவப்பு மையில் ‘யாரால்?’ என்று தமிழில் எழுதித் திருப்பித் தருவார். கோளாறு கண்டறியப்பட்டது என்று எழுதியிருப்பேன், யாரால்? அமைப்பு மாற்றப்பட்டது என்று எழுதியிருப்பேன், யாரால்? என் பெயரை நானே எழுதுவது அடக்கமின்மை என்று வீட்டிலும் பள்ளியிலும் கற்றிருந்த எனக்கு அந்தக் கேள்வி எரிச்சலைத் தந்தது. ஒரு நாள் வாதாடியபோது அவர், “அடக்கமா இருக்கிறது உன் குணத்தில இருக்கட்டும்மா, அறிக்கையில வேணாம். நாளைக்கு இந்த மெஷின் திரும்பவும் கெட்டுப்போனா யாரைக் கூப்பிடுறதுன்னு படிக்கிறவங்களுக்குத் தெரியணும்” என்றார். அறிக்கையில் பெயர் இருப்பது பெருமைக்காக அன்று, பொறுப்புக்காக என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன். இடித்துரைப்பவர் கிடைப்பது எத்தகைய பேறு என்பதைக் கிடைத்தவர்களே அறிவார்கள். எனக்கு அந்தப் பேறு முழுமையாகக் கிடைத்தது.

ஆயினும் 2010இல் பிரிவு மேலாளர் பதவிக்கு என்னைக் கடந்து வேறொருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஐந்தாண்டு மதிப்பீடுகளும் நன்றாக இருந்தன. என் மேலாளரிடம் காரணம் கேட்டேன். “உன் பெயரை நான் சொன்னேன். மற்றவர்களுக்கு உன்னைத் தெரியவில்லை” என்று அவர் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. அந்த ஒரு வாக்கியத்தை நான் பல மாதங்கள் மனத்தில் உருட்டிக்கொண்டிருந்தேன்.

பதவி உயர்வு எப்படித் தீர்மானிக்கப்படுகிறது என்பதைப் பன்னாட்டு நிறுவனங்களில் வேலை செய்யும் பலர் இன்னமும் அறியாமல் இருக்கிறார்கள். ஆண்டிறுதியில் ‘காலிபிரேஷன்’ என்ற ஒரு கூட்டம் நடக்கும். ஒரே நிலையில் உள்ள மேலாளர்கள் எல்லாரும் தத்தம் பட்டியலோடு ஓர் அறையில் அமர்வார்கள். உயர்வு பெறக்கூடியவர்களின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. ஒரு பெயருக்குச் சில நிமிடங்களே கிடைக்கும். தன் ஆளைத் தானே புகழ்வது எல்லா மேலாளரும் செய்வதுதான் என்பதால், அந்தப் புகழ்ச்சிக்கு அங்கே எடை குறைவு. “இவரை வேறு யாருக்காவது தெரியுமா?” என்ற கேள்வி எழும் கணத்தில்தான் முடிவு பிறக்கிறது. அப்போது வேறொரு பிரிவின் மேலாளர், இவரோடு நான் வேலை செய்திருக்கிறேன், கொடுக்கலாம் என்று சொன்னால் அந்தப் பெயர் நிற்கும். அறை அமைதியாக இருந்தால் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். அக்கா என்னை எவ்வளவு செதுக்கியிருந்தாலும், அந்த அறைக்குள் நுழையும் நிலையில் அவர் இல்லை. அவரால் என்னைத் தகுதியாக்க முடிந்தது; அந்தத் தகுதிக்குச் சாட்சி சொல்ல முடியவில்லை.

அதே 2010ஆம் ஆண்டு செப்டம்பரில், ஹெர்மீனியா இபார்ரா, நான்சி கார்ட்டர், கிறிஸ்டீன் சில்வா ஆகிய மூவர் ஹார்வர்டு பிசினஸ் ரெவ்யூ இதழில் எழுதிய கட்டுரையைப் பிற்காலத்தில் படித்தபோது, என் கதையை யாரோ எழுதிவிட்டதைப் போல இருந்தது. பெண்களுக்கு வழிகாட்டிகள் குறைவாக இல்லை; அவர்களுக்காக வாதாடித் தம் செல்வாக்கைச் செலவிடுகிறவர்களே குறைவு என்பதுதான் அவர்கள் கண்டது. ஆண்களுக்கு வாய்த்த வழிகாட்டிகள் மேலிடத்தில் இருந்ததால், அறிவுரை சொன்னவரே அறையிலும் பேசினார். பெண்களுக்கு அறிவுரை நிறையக் கிடைத்தது. எப்படி மாற வேண்டும், எப்படித் திருந்த வேண்டும் என்று கேட்டுக் கேட்டே அவர்கள் காலம் போனது.

அந்தத் தோல்விக்குப் பிறகு நான் செய்த முதல் காரியம் தவறானது. இப்போது இந்தத் தேடலில் இருக்கும் இளையவர்களுக்காக அதை ஒளிக்காமல் சொல்கிறேன். எனக்கு அதிகப் பழக்கமில்லாத ஒரு மூத்த இயக்குநருக்கு, எனக்காக ஆதரவு தர முடியுமா என்று நேரடியாக மின்னஞ்சல் எழுதினேன். பதில் வரவே இல்லை. அவர் மீது எனக்கு இப்போது எந்த மனத்தாங்கலும் இல்லை. முன்பின் அறியாத ஒருவர் வந்து கடன் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டால் நாம் போடுவோமா? வழிகாட்டுதலைக் கேட்டுப் பெறலாம். மாதம் ஒருமுறை அரை மணி நேரம் தாருங்கள், இந்தக் குறிப்பிட்ட திறனில் எனக்கு உதவுங்கள் என்று கேட்டால் பெரும்பாலோர் மறுப்பதில்லை. பிணையை அப்படிக் கேட்க முடியாது. நம் வேலையை ஒருவர் கண்ணால் கண்ட பிறகு அது தானாகத்தான் விளைய வேண்டும். ஆனால் அவர் காணும்படியான வேலையை நாம் கேட்டு வாங்கலாம். நான் இதைப் புரிந்துகொள்ள ஒரு வெள்ளம் வர வேண்டியிருந்தது.

2011 அக்டோபரில் தாய்லாந்தின் அயுத்தயா, பத்தும் தானி வட்டாரத் தொழிற்பேட்டைகள் நீரில் மூழ்கின. உலகின் கணினி வன்தட்டுகளில் ஏறத்தாழ 40 விழுக்காடு அந்த நாட்டில் செய்யப்பட்டு வந்த காலம் அது. எங்கள் ஆலையின் வாடிக்கையாளர் ஒருவர், அங்கே நின்றுபோன சோதனை வேலையைச் சில வாரங்களுக்குள் பினாங்கில் தொடங்க முடியுமா என்று கேட்டார். கொள்முதல், உற்பத்தி, சோதனை, தர உறுதி என எல்லாப் பிரிவிலிருந்தும் ஆட்களைச் சேர்த்து அவசரக் குழு ஒன்றை அமைத்தார்கள். எங்கள் பிரிவிலிருந்து யாரை அனுப்புவது என்ற பேச்சு வந்தபோது, தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்ததையும் வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்ததையும் மனத்தில் எடைபோட்டுவிட்டு, நான் போகிறேன் என்று கையை உயர்த்தினேன். என் கணவரும் மாமியாரும் வீட்டைத் தாங்கிக்கொள்ளாமல் இருந்திருந்தால் அந்தக் கை உயர்ந்திருக்காது. அதையும் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் தாங்கிக்கொள்ள ஆள் இல்லாத பெண்களிடம், முன்வருவதில்லை என்று குறை சொல்லும் வழக்கம் நம் அலுவலகங்களில் இருக்கிறது.

அந்தக் குழுவை நடத்தியவர் செயல்பாட்டுப் பிரிவின் தலைவர், ஈப்போவைச் சேர்ந்த சீனர். அதுவரை மின்தூக்கியில் தலையசைத்ததைத் தவிர அவரோடு எனக்குப் பழக்கமில்லை. தினமும் காலை ஏழரை மணிக்கு நின்றுகொண்டே நடக்கும் கூட்டத்தில் என் பகுதியின் நிலவரத்தை இரண்டு நிமிடத்தில் சொல்ல வேண்டும். அக்காவின் சிவப்பு மை எனக்கு அங்கேதான் பயன்பட்டது: நேற்று எது முடிந்தது, யார் முடித்தார், இன்று எது தடையாக இருக்கிறது, அதை யார் எப்போது நீக்குவார் என்று சொல்வேன். ஒருமுறை என் கணக்கில் பிழை நேர்ந்து, ஒரு தொகுதி உதிரிப்பாகங்களை மீண்டும் சோதிக்க வேண்டி வந்தது. வேறு யாரும் கண்டுபிடிப்பதற்கு முன் நானே கூட்டத்தில் அதைச் சொல்லி, சரிசெய்ய எத்தனை மணி நேரமாகும் என்பதையும் சொன்னேன். அவர் குறித்துக்கொண்டார், வேறெதுவும் சொல்லவில்லை.

அவர் எனக்கு எதையும் கற்பிக்கவில்லை. தனியாக அழைத்துப் பேசியதில்லை, அறிவுரை சொன்னதில்லை. மறு ஆண்டு புதிய சோதனைப் பிரிவுக்கு மேலாளர் வேண்டும் என்று பேச்சு எழுந்தபோது, அந்த அறையில் அவர் சொன்னதை மனிதவளப் பிரிவில் இருந்த தோழி ஒருத்தி வெகு காலம் கழித்து எனக்குச் சொன்னாள்: “அவளிடம் கொடுங்கள். சரியாக வராவிட்டால் என்னிடம் வந்து கேளுங்கள்.” கணக்கில் தவறிய அந்த நாளைத்தான் அவர் சான்றாகக் காட்டினாராம்.

பிணை நிற்பவரை எங்கே காணலாம் என்று என்னிடம் கேட்கும் இளையவர்கள், முதலில் தம் உறவிலும் பழக்கத்திலும் தேடுகிறார்கள். மாமா ஒருவர் டத்தோ பட்டம் பெற்ற பெரியவரைத் தெரிந்தவர், கோயில் நிர்வாகத்தில் உள்ளவர் ஒருவர் நிறுவனத்தில் பெரிய பொறுப்பில் இருக்கிறார் என்ற திசையிலேயே எண்ணம் ஓடுகிறது. மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைக் குறித்து எண்ண வைக்கிறது. அறிமுகமானவர் மூலம் வேலை மாறியவர்களிடம் அவர் விசாரித்தபோது, அடிக்கடி சந்திப்பவர் வழியாக வேலை கிடைத்தவர்கள் 16.7 விழுக்காடுதான், எப்போதாவது சந்திப்பவர் வழியாக 55.6 விழுக்காட்டினருக்கும், அரிதாகவே சந்திப்பவர் வழியாக 27.8 விழுக்காட்டினருக்கும் வேலை கிடைத்திருந்தது. நெருங்கியவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும். நாம் நுழையாத வட்டத்தின் செய்தி தூரத்து அறிமுகத்தின் வழியாகத்தான் வருகிறது. வேலை தேடுவதற்குச் சொன்னதை ஒரே ஆலைக்குள்ளும் நான் கண்டிருக்கிறேன். தினமும் ஒன்றாக உண்ணும் நம் மேசையைவிட, அடுத்த பிரிவின் மேசையில்தான் நமக்குச் சாட்சி சொல்லக்கூடியவர் இருக்கிறார்.

மேலிடத்தில் ஒரு தமிழர் இருந்தால் அவர் நமக்குச் செய்ய வேண்டும் என்ற எதிர்பார்ப்பைப் பற்றியும் மனம் திறந்து எழுத விரும்புகிறேன். அவர் கண்டுகொள்ளவில்லை என்ற மனக்குறையைத் தேநீர்க் கடைகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். நானும் அதைச் சொன்னவள்தான். இப்போது அந்த நாற்காலிக்கு அருகில் வந்த பிறகு அவருடைய இக்கட்டு எனக்குப் புரிகிறது. தம்மவரைத் தூக்கிவிடுகிறார் என்ற ஒரு சொல் எழுந்தால் அவர் சொல்லும் எல்லாப் பெயருக்கும் மதிப்பு குறைந்துவிடும். அதனால் அவர் நம்மை மற்றவர்களைவிடக் கடுமையாக எடைபோடுகிறார். அது சரி என்று நான் சொல்லவில்லை. சில வேளைகளில் அது அநியாயமாகவே முடிகிறது. ஆனால் அவர் கையில் நாம் கொடுக்க வேண்டியது உறவுமுறை அன்று, எண்களோடு கூடிய இரண்டு மூன்று உண்மைகள். சோதனை நேரத்தை இத்தனை வினாடி குறைத்தவர், இந்த வாடிக்கையாளரின் புகாரை இத்தனை நாளில் முடித்தவர் என்று அவர் சொல்ல முடிந்தால், அது பரிவாகத் தோன்றாது. நான் ஒவ்வொரு மாத முடிவிலும் ஒரே பக்கத்தில் இத்தகைய குறிப்பை எழுதி என் மேலாளருக்கும், அந்த மாதம் என்னோடு வேலை செய்த பிற பிரிவு மேலாளருக்கும் அனுப்பும் வழக்கத்தை 2011க்குப் பிறகுதான் தொடங்கினேன். பத்தாண்டு முன்பே தொடங்கியிருக்க வேண்டும்.

இன்னோர் எச்சரிக்கையும் நம் வரலாற்றிலேயே இருக்கிறது. மலாயாத் தோட்டங்களுக்கு நம் முன்னோரைக் கொண்டுவந்த கங்காணி முறையும் ஒரு வகைப் பிணைதான். கங்காணி தன் ஊருக்குத் திரும்பிப் போய், தெரிந்த குடும்பங்களை அழைத்துவந்தார். துரையின் முன் அவர்களுக்காகப் பேசினார். ஆனால் அவர்கள் வேலைக்குப் போகும் ஒவ்வொரு நாளுக்கும் தலைக்கு இவ்வளவு என்று அவருக்குப் பணம் கிடைத்தது. முன்பணக் கடனும் அவரிடமே இருந்தது. அதனால் அவர்கள் அங்கேயே இருப்பதில்தான் அவருக்கு ஆதாயம். 1938இல் இந்திய அரசு உதவி பெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்த பிறகே அந்தப் போக்குவரத்து நின்றது. அலுவலகத்திலும் இப்படிப்பட்டவர்கள் உண்டு. உன்னை நான்தான் கொண்டுவந்தேன் என்று நினைவூட்டிக்கொண்டே இருப்பார்கள். நம்மை வேறு பிரிவு கேட்டால் விடமாட்டார்கள். ஒருவர் நமக்காகப் பேசுகிறாரா, நம்மை வைத்துப் பேசுகிறாரா என்பதை அறிய எளிய வழி, தன்னை விட்டு விலகிப் போகும் வாய்ப்பை அவர் நமக்கு எப்போதாவது காட்டியிருக்கிறாரா என்று பார்ப்பதே.

நிறுவனங்கள் நடத்தும் முறையான வழிகாட்டித் திட்டங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அவற்றில் சேருங்கள், இணைத்துவிடப்படும் மூத்தவர் நன்றாக அமைந்தால் நல்லது, அமையாவிட்டாலும் வேறு பிரிவின் ஒருவரை அறிந்த பலன் உண்டு. 1989இல் தொடங்கிய பினாங்குத் திறன் மேம்பாட்டு மையத்தின் வகுப்புகளில் பாடத்தைவிட, பல ஆலைகளிலிருந்து வந்து பக்கத்தில் அமர்ந்திருந்தவர்களே எனக்கு அதிகம் உதவினார்கள். பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் இயக்குநர் குழுவில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்ற விதி, பெரிய நிறுவனங்களுக்கு 2022 செப்டம்பரிலிருந்தும் மற்றவற்றுக்கு 2023 ஜூனிலிருந்தும் நடப்பில் இருக்கிறது. அந்த நாற்காலிக்கு விதி வந்துவிட்டது. அதற்குப் பல படிகள் கீழே, ஆண்டிறுதியில் கூடும் அந்தச் சிறிய அறைக்கு எந்த விதியும் இல்லை.

அந்த அறையில் இப்போது நானும் அமர்கிறேன். சென்ற நவம்பரில் நிபோங் தெபாலைச் சேர்ந்த ஒரு தொழில்நுட்பரின் பெயரைப் பொறியாளர் பதவிக்கு முன்வைத்தேன். பாலிடெக்னிக்கில் படித்தவர், ஆறு ஆண்டு அனுபவம், இரவு ஷிப்டில் நின்றுபோகும் இயந்திரங்களை மேலே யாரையும் எழுப்பாமல் ஓடவைப்பவர். இரண்டு நிமிடம் பேசினேன். எதிர்பார்த்த அதே கேள்வி வந்தது: இவரை வேறு யாருக்காவது தெரியுமா? மேசையைச் சுற்றிப் பார்த்தேன். எவரும் பேசவில்லை. யாரையும் எழுப்பாமல் அவர் வேலை செய்ததே அவருக்கு எதிராகிவிட்டது; அதை நான் முன்பே பார்த்திருக்க வேண்டும்.

வீட்டுக்குப் போகும் வழியில், ஓய்வுபெற்று புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் அக்காவுக்குத் தொலைபேசியில் இதைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, “அவன் பெயரை அங்க இருக்கிறவங்களுக்குத் தெரியவைக்காம விட்டது யாருன்னு யோசிம்மா” என்றார்.

ஜனவரியிலிருந்து அந்தத் தம்பி மாதம் இரண்டு வாரம் பகல் ஷிப்டுக்கு வருகிறார். காலைக் கூட்டத்தில் இரவு நடந்ததை அவரே சொல்கிறார். முதல் நாள் குரல் நடுங்கியது. “பிரச்சினை சரிசெய்யப்பட்டது” என்று முடித்தார். கூட்டம் கலைந்ததும் அவருடைய தாளை வாங்கி, அந்த வரியின் பக்கத்தில் சிவப்பு மையால் ஒரு சொல் எழுதிக் கொடுத்தேன். உற்பத்தி மேலாளர் கடந்த மாதம் அவரைப் பெயர் சொல்லி அழைத்து ஓர் இயந்திரத்தைப் பார்க்கச் சொன்னார். அடுத்த கூட்டம் நவம்பரில்.